அரைநாள் நாற்காலி

அன்புள்ள அண்ணன்,

எனக்கு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். பி.காம். படித்தவள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு டிரஸ்டில் காலை 10 முதல் 2 வரை ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ரசீது போடுவது, ரிஜிஸ்டர் எழுதுவது, போன் பேசுவது. மற்றவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சேவை செய்கிறார்கள். நான் ஃபேனுக்குக் கீழே பேப்பர் புரட்டுகிறேன். "தர்மம் பண்ற இடத்துல சம்பளம் வேறயா?" என்கிறார் மாமியார். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மாமியாருக்கு அப்புறம் வருகிறேன்.

நானும் உங்கள் பக்கத்து டிரஸ்ட் ஒன்றில் இரண்டு வருடம் அரைநாள் கணக்கு எழுதியவன்தான். ஒருநாள் ஓர் அம்மா, மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். மஞ்சப்பையைக் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, பாஸ்புக், கருவாட்டு வாசத்தோடு நாலாக மடித்த மருத்துவச் சான்றிதழ். பிரித்தால், மடிப்பு சரியாகக் குறைபாட்டின் சதவீதம் எழுதிய இடத்தில் விழுந்திருந்தது. மை போய், காகிதம் நூல்நூலாக நின்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது இருந்தாக வேண்டும். இது 30ஆ, 80ஆ? "டாக்டரு எழுதுனதுதானே சார்" என்கிறார் அந்த அம்மா.

எங்கள் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பெயர், ஊர், தேதி எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். சதவீதக் கட்டத்தில் மட்டும் 'சான்று பார்க்க' என்றிருந்தது. மறுபடி ராமநாதபுரம், மறுபடி மருத்துவ முகாம், இரண்டு பஸ், ஒருநாள் கூலி. எல்லாம் அந்த ஒரு கட்டத்தால்.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் வருமான வரித்துறைக்கு ஏற்றியாக வேண்டும். ஒரு வருடம் ஒருவருடைய பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன். நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவு கிடைக்காத அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கப்புறம் பணமும் அனுப்பவில்லை.

சரி, சம்பளம். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்கு 50 சதவீதம் வரை செலவழிக்கலாம் என்றிருந்ததை 2020இல் 20 ஆகக் குறைத்தார்கள். முழுநாள் நாற்காலிகள் பல அரைநாள் ஆனதில் அதற்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். வேலை குறையவில்லை. அதனால் நேரத்தையும் சம்பளத்தையும் எழுதி வாங்கிவிடுங்கள். இரண்டு மணிக்கு "இதை மட்டும் முடிச்சிட்டுப் போம்மா" என்று வரும். அந்த நேரத்தில்தான் அவர்களுக்குச் சேவை ஞாபகம் வரும். மாமியார் மறுபடி கேட்டால், கடலுக்குப் போகிறவனுக்குப் பங்கு உண்டு, கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறவனுக்குக் கூலி கிடையாதா என்று கேளுங்கள். உங்கள் ஊரில் அது போதும்.

போன் விஷயம் ஒன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பாம்பன் சின்னப்பாலம் பக்கம் போன் அடித்துப் பிரயோஜனம் இல்லை. பெண்கள் கடல்பாசி எடுக்கக் கடலில் இருப்பார்கள். ரிஜிஸ்டரில் விட்டுப்போனதை நிரப்ப நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், விசைப்படகு வீடுகளில் ஆள் இருக்கும். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இன்ஷியல் ஒத்துப்போகிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

நாலாக மடித்த சான்றிதழோடு யாராவது வந்தால் முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். அவர் குடித்து முடிப்பதற்குள் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடலாம்.