அன்று வந்த செங்கமாரிதான் இன்றைய சீனி வருத்தமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "என் கணவருக்கு வயது 49. 1990 இடப்பெயர்வில் முகாமில் இருந்தபோது செங்கமாரி வந்து, கீழாநெல்லி குடித்துச் சுகமானவர். போன மாதம் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். அன்றே ஈரல் கெட்டதால்தான் இது வந்தது என்கிறார் மச்சாள். குளிசை ஈரலை இன்னும் கெடுக்கும் என்று பயந்து இவர் மெட்ஃபோமினைப் போடவும் தயங்குகிறார். மாமியின் மீட்டரில்தான் சீனி பார்த்துக்கொள்கிறோம். என்ன செய்வது?"

முதலில், குளிசையை நிறுத்த விடாதீர்கள் சகோதரி. மெட்ஃபோமின் ஈரலைக் கெடுக்கும் மருந்தன்று. ஈரல் ஏற்கெனவே கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்கு மட்டும் வைத்தியர் யோசித்துத்தான் கொடுப்பார். கட்டுப்பாடில்லாத சீனி செய்யும் கேடு அதைவிடப் பெரிது.

செங்கமாரி என்பது கண் மஞ்சளாவதற்கு நாம் வைத்த பெயர். அதற்குப் பின்னால் பல நோய்கள் இருக்கலாம். ஒரே கிணற்றைப் பல குடும்பங்கள் நம்பியிருந்த முகாமில் சிறுவர்களுக்கு வந்தது பெரும்பாலும் ஹெப்படைடிஸ் (வைரஸால் வரும் ஈரல் அழற்சி) ஏ வகை. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவி, சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். கீழாநெல்லி குடிக்காதவர்களும் அதிலிருந்து எழுந்தார்கள். அது ஈரலில் தங்குவதில்லை. இத்தனை வருடம் கழித்துச் சீனியை ஏற்றாது.

சீனியோடு உண்மையில் தொடர்புள்ளது ஹெப்படைடிஸ் சி. இது இரத்தத்தால் பரவுவது. பெரும்பாலானோருக்குக் கண் மஞ்சளாகாமலே நுழைந்து, வருடக்கணக்கில் ஈரலில் குடியிருக்கும். இரவில் நாம் பட்டினியாகத் தூங்கும்போது ஈரல் தன் சேமிப்பிலிருந்து சீனியை இரத்தத்துக்கு விடுகிறது. சாப்பிட்டதும் இன்சுலின் வந்து அதை நிறுத்துகிறது. சி வைரஸ் குடியிருக்கும் ஈரலில் இன்சுலினின் சொல் எடுபடுவதில்லை. பிட்டும் தயிரும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் ஈரல் தன் பங்குக்குச் சீனியை விட்டுக்கொண்டிருக்கும். 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 40 வயதைத் தாண்டிய சி தொற்றாளர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் காணப்பட்டது. ஹெப்படைடிஸ் பி விடயத்தில் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. ஆனால் எந்தக் காரணத்தால் ஈரல் தழும்பேறி இறுகினாலும் சீனி ஏறலாம்.

இலங்கையில் பி, சி இரண்டுமே குறைவு. உங்கள் கணவருக்குப் பரம்பரை, இடுப்புச் சுற்றளவு, ஈரலில் படிந்த கொழுப்பு ஆகியவற்றையே நான் முதலில் சந்தேகிப்பேன். இருந்தாலும் அடுத்த கிளினிக்கில் ஈரல் பரிசோதனையோடு பி, சி இரண்டுக்கும் ஒருமுறை இரத்தம் பார்க்கக் கேளுங்கள். முன்பு இரத்தம் ஏற்றியிருந்தாலோ பச்சை குத்தியிருந்தாலோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். சி இருந்தாலும் கலங்க வேண்டாம்: 8 முதல் 12 வாரக் குளிசைகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றாகக் குணமாகிறார்கள். வைரஸ் போகும்போது சீனியும் இறங்கக்கூடும். இன்சுலின் போடுபவர் அந்த வாரங்களில் அடிக்கடி சீனி பார்த்து, வைத்தியரிடம் அளவைக் குறைக்கக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம்.

செங்கமாரியைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது மாமியின் மீட்டரைப் பற்றி நீங்கள் எழுதியதுதான். நம் வீடுகளில் ஒரு மீட்டரில் குடும்பமே சீனி பார்க்கிறது. பக்கத்து வீட்டாரும் வந்து விரலை நீட்டுகிறார்கள். ஹெப்படைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில்கூட ஏழு நாட்கள் உயிரோடிருக்கும். ஊசியை மட்டும் மாற்றினால் போதாது; அந்த ஊசியைப் பொருத்தி விரலில் குத்தும் பேனாவிலும் இரத்தம் ஒட்டியிருக்கும். மாமிக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று என்று பேனாவைப் பிரித்துவிடுங்கள். மீட்டரை ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கித் திரவத்தால் துடையுங்கள். இங்கே குழந்தைகளுக்கு 2003 முதல் பி தடுப்பூசி போடப்படுகிறது. உங்கள் கணவரின் வயதினருக்கு அது கிடைத்திருக்காது. பரிசோதனையில் பி இல்லையென்றால், ஆறு மாதத்தில் மூன்று தடவை போடும் அந்த ஊசியைப் பற்றியும் அதே கிளினிக்கில் கேளுங்கள்.