எச்-4 விசாவில் இருக்கும் நர்ஸ், குழந்தைகளுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது எப்படி?

கேள்வி: சென்னையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, குழந்தைகள் வார்டில் நான்கு ஆண்டு வேலை பார்த்தேன். இப்போது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸில் கணவருடன் எச்-4 விசாவில் இருக்கிறேன். பீடியாட்ரிக் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக ஆசை. ஊருக்குப் போய் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வரலாமா? இங்கேயே சேர்வதென்றால் எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?

பதில்: எம்.எஸ்சி.க்காக ஊருக்குப் போகாதீர்கள். நம் ஊர் எம்.எஸ்சி. கல்லூரியில் பாடம் எடுக்கவும் வார்டை நிர்வகிக்கவும் உதவும். இங்கே நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர். அதற்கென்று அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தால்தான் சான்றிதழ்த் தேர்வு எழுத முடியும்.

பல்கலைக்கழகத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் ஆர்.என். லைசென்ஸ், அதாவது இங்கே பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்கும் உரிமம். சிஜிஎஃப்என்எஸ் (இப்போதைய பெயர் ட்ரூமெரிட்) போன்ற அமைப்பு உங்கள் சான்றிதழ்களை மதிப்பிட வேண்டும். கல்லூரியும் நர்சிங் கவுன்சிலும் ஆவணங்களை நேரடியாக அனுப்ப வேண்டும், நீங்கள் அனுப்பினால் செல்லாது. பல மாதங்கள் வீணாவது இங்கேதான். ஃபோனில் கேட்டால் "அனுப்பிட்டோம்மா" என்பார்கள், ஃபைல் அதே மேஜையில் இருக்கும். அப்பாவோ தம்பியோ நேரில் போய் நிற்பது நல்லது. குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம் ஆகியவற்றுக்கு வகுப்பு நேரமும் வார்டு நேரமும் தனித்தனியாகப் போட்டிருக்கிறதா என்றும் அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெக்சாஸில் நர்சிங் சட்டம் பற்றி ஒரு சிறு தேர்வும், பிறகு என்கிளெக்ஸ் என்ற தேசிய லைசென்ஸ் தேர்வும் உண்டு. என்கிளெக்ஸில் 85 முதல் 150 கேள்விகள், அதிகபட்சம் ஐந்து மணி நேரம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். மனப்பாடம் கைகொடுக்காது.

எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. வேலைக்குத்தான் தனி அனுமதி வேண்டும், அது பொதுவாக உங்கள் கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக முதலாளி போடும் மனு) ஒப்புதலானால்தான் கிடைக்கும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் லைசென்ஸ் தருவார்களா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கட்டணம் கட்டும் முன்பே லைசென்ஸ் தரும் மாநில நர்சிங் போர்டிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

வேலை அனுமதி கிடைத்தால், ஓரிரு ஆண்டு இங்கே குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போங்கள். ஏன் என்கிறீர்களா? காய்ச்சலோடு 10 கிலோ குழந்தை வருகிறது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் பாராசிட்டமால் 150 மில்லிகிராம். நம் ஊரில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 3 மில்லி, 120 உள்ளதானால் 6.25 மில்லி. இங்கே 5 மில்லிக்கு 160, ஆகவே ஏறக்குறைய 4.7 மில்லி. அதுவும் அம்மா எடையை 22 பவுண்டு என்றுதான் சொல்வார். இந்தக் கணக்கு கையில் படியாமல் மருந்து எழுத உட்காரக் கூடாது என்பது என் கட்சி.

அடுத்து, கிளினிக்கா மருத்துவமனையா என்று முடிவு செய்யுங்கள். ப்ரைமரி கேர் படித்தால் தடுப்பூசி, வளர்ச்சிக் கண்காணிப்பு, ஆஸ்துமா, காதுவலி என்று கிளினிக் வேலை. அக்யூட் கேர் படித்தால் ஐசியு, இதயப் பிரிவு. படிப்பும் தேர்வும் வேறு வேறு. ப்ரைமரி படித்துவிட்டு ஐசியு வேலைக்கு விண்ணப்பித்துத் திரும்பியவர்கள் உண்டு. ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் படித்தாலும் குழந்தைகளைப் பார்க்கலாம், வேலைவாய்ப்பும் அதில்தான் அதிகம். ஆனால் பயிற்சி நேரம் எல்லா வயதினருக்குமாகப் பங்கு போய்விடும். கணவர் வேலைக்காக ஊர் ஊராக மாற வேண்டியிருக்கும் என்றால் ஃபேமிலி. குழந்தைகள் மருத்துவமனைதான் கனவு என்றால் பீடியாட்ரிக். 1965-இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் தொடங்கிய முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியே குழந்தைகளுக்கானதுதான்.

இப்போது பல்கலைக்கழகம். இரண்டு மூன்று ஆண்டு எம்எஸ்என் (நர்சிங் முதுநிலைப் படிப்பு) போதும், டிஎன்பி (நர்சிங் டாக்டர் பட்டம்) இப்போதைக்குக் கட்டாயமில்லை. தரவரிசையை விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பயிற்சிக்கு ப்ரிசெப்டரை, அதாவது கூட இருந்து சொல்லித்தரும் அனுபவசாலியை, யார் தேடித் தருவார்கள்? 2022-இல் வந்த தேசியத் தரநிலைப்படி நோயாளிகளோடு குறைந்தது 750 மணி நேரப் பயிற்சி வேண்டும். பல ஆன்லைன் படிப்புகளில் ப்ரிசெப்டரை மாணவரே தேட வேண்டும். இங்கே யாரையும் தெரியாத உங்களுக்கு அது பெரிய சுமை. தேடித் தரும் இடத்தில் கட்டணம் கொஞ்சம் கூட என்றாலும் நான் அங்கேதான் சேரச் சொல்வேன்.

டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத மருத்துவருடன் ஒப்பந்தம் வேண்டும். பக்கத்து நியூ மெக்சிகோவில் அது தேவையில்லை.

விசா விஷயத்தில் ஒரு வசதி உண்டு. சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு எச்-1பி வேலை விசா கிடைப்பது அரிது. நர்ஸ் பிராக்டிஷனர் வேலைக்கு முதுநிலைப் படிப்பு அவசியம் என்பதால் முதலாளி விண்ணப்பிக்க வழியுண்டு. பல்கலைக்கழகத்தோடு முறைப்படி இணைந்த, லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் எச்-1பி-க்கான லாட்டரி குலுக்கலில் கலந்துகொள்ள வேண்டியதில்லை. படிக்கும்போதே பயிற்சியை அப்படிப்பட்ட இடத்தில் கேட்டு வாங்கப் பாருங்கள்.