தூணில்லாத அகலக் கூடத்துக்கு எந்தக் கூரைச் சட்டம்?

கேள்வி: பொள்ளாச்சிக்கு அருகே வீடு கட்டி வருகிறோம். கூடம், உணவறை, சமையலறை மூன்றையும் இடைச்சுவரோ தூணோ இல்லாமல் 30 அடி அகலமும் 42 அடி நீளமும் உள்ள ஒரே இடமாக அமைத்து, மேலே சீமை ஓடு வேய விரும்புகிறோம். உள்ளே நின்று பார்த்தால் முகடு வரை திறந்திருக்க வேண்டும். ஆசாரி மரமே போதும் என்கிறார். வெல்டிங் பட்டறைக்காரர் இரும்புக் குழாயில் செய்து தர, சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார். துத்தநாகம் பூசிய மெல்லிய தகட்டுச் சட்டங்களைத் திருகாணியால் பிணைத்துத் தருவதாக மூன்றாமவர் ஒருவரும் வந்தார். எதை வாங்கலாம்?

பதில்: கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டு வரைந்து கொடுக்கும் இரும்புக் குழாய் டிரஸ்ஸையே, அதாவது குழாய்களை முக்கோணங்களாகப் பிணைத்த கூரைச் சட்டகத்தையே, உங்கள் கூடத்துக்குப் பரிந்துரைக்கிறேன். ஓரடிக்கு ஏறும் பாரம் மாறாமல் அகலம் மட்டும் இரு மடங்கானால், சட்டத்தை வளைக்கும் விசை நான்கு மடங்காகும்; அதே சட்டத்தின் தொய்வோ பதினாறு மடங்காகும். எனவே 15 அடி அறைகளுக்குக் கூரை போட்டுத் தேர்ந்த ஆசாரியின் கண்ணளவை, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், 30 அடிக்கு அப்படியே நம்பக் கூடாது. நம் தொட்டிக்கட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்பது அழகுக்காக மட்டுமன்று. கூரையின் அகலத்தைப் பிரித்து, கிடைக்கும் மரத்தின் நீளத்துக்குள் அடக்கவும் அவை உதவின.

பாரத்தையும் பார்த்துவிடுங்கள். 30 பாகைச் சாய்வில் உங்கள் கூரைக்கு, வெளியே நீளும் இறவாரத்தைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 2000 ஓடுகள் வேண்டும். ஓர் ஓடு இரண்டரை கிலோ என்று வைத்தாலும் ஐந்து டன் ஆகிறது. மழையில் நனைந்தால் இன்னும் கூடும்.

முகடு வரை திறந்திருக்க வேண்டும் என்ற விருப்பத்தில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. முகட்டில் சாய்ந்து நிற்கும் இரண்டு கைமரங்களின் கால்களும் வெளிப்பக்கமாக நழுவப் பார்க்கும். அந்த உதைப்பைத் தாங்குவது, இரு கால்களையும் இணைத்துக் கீழே ஓடும் குறுக்குச் சட்டம். பார்வையை மறைக்கிறது என்று அதை எடுத்துவிட்டால் உதைப்பு முழுவதும் சுவரின் தலையில் விழும். சில மழைக்காலங்களில் சுவர் வெளியே சாய்ந்து முகடு இறங்கத் தொடங்கும். சட்டத்தை மேலே ஏற்றிப் பொருத்தலாமே என்று சிலர் சொல்வார்கள். ஏற்ற ஏற்ற அதன் பயன் குறையும். கனமான சட்டத்துக்குப் பதிலாக மெல்லிய உருட்டுக் கம்பியை இழுத்துக் கட்டச் சொல்லிப் பொறியாளரிடம் கேளுங்கள். கண்ணுக்கு அதிகம் தெரியாது, வேலையும் நடக்கும். காற்று கூரையை மேலே தூக்கும்போது அந்தக் கம்பி தளர்ந்துவிடாதா என்பதையும் அவரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

மரத்தை நான் ஒதுக்கவில்லை. வைரம் பாய்ந்த, நன்கு உலர்ந்த தேக்கு அருமையான பொருள். ஆனால் இந்த அகலத்துக்கு நீளமான, குறையற்ற கட்டைகள் கிடைப்பது அரிது. ஒட்டுப்போட்டால் ஒவ்வொரு இணைப்புக்கும் கணக்கு வேண்டும். ஓடு அமரும் ரீப்பர் கட்டைகளுக்கும் தாழ்வாரத்துக்கும் மரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தகட்டுச் சட்டம் தருபவரிடம் 275 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 275 கிராம்) துத்தநாகப் பூச்சுதானா என்றும், சீமை ஓட்டின் பாரத்துக்குக் கணக்கிட்ட தாள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தாள் இல்லையென்றால் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிடலாம்.

பட்டறைக்காரரின் சதுர அடி விலைதான் எனக்குக் கவலை தருகிறது. அந்த விலைக்குள் குழாயின் தடிமன் மறைந்துவிடும். குழாய் மெலிய மெலிய அவருக்கு லாபம். கிலோ கணக்கில் பேசினாலோ, தேவைக்கு மேல் இரும்பு ஏறலாம். ஆகவே பொறியாளரின் வரைபடத்தில் உள்ள அளவு, தடிமன், மொத்த எடை ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதி, அந்த எடைக்கு விலை பேசுங்கள். குழாய், கட்டுமான இரும்புக் குழாய்களுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 4923 தரத்தில் இருக்கட்டும். வந்து இறங்கியதும் ஒரு குழாயை எடைபோடுங்கள்: 6 மீட்டர் நீளமுள்ள 50க்கு 50 மி.மீ. குழாய், 3 மி.மீ. தடிமன் என்றால் ஏறத்தாழ 26 கிலோ இருக்கும், 2 மி.மீ. என்றால் 18 கிலோதான். வண்ணம் பூசிய பிறகு இந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

டிரஸ் அமரும் ஒவ்வொரு இடத்திலும் சுவருக்குள் கான்கிரீட் தூணும், அதில் முன்பே பதித்த போல்ட்டும் இருக்க வேண்டும். காற்றுக்கான இந்தியத் தரநிலை, கோயம்புத்தூருக்கு வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 140 கி.மீ. வேகத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. சென்னைக்கு அது 50 மீட்டர்.

கேள்வி: எங்கள் ஓட்டுக் கூரை போட்டு எட்டு மாதத்தில் நடுவில் தொய்ந்து தெரிகிறது. செய்தவர், ஓடு ஏறினால் அப்படித்தான் என்கிறார். பணம் முழுவதும் கொடுத்தாகிவிட்டது.

பதில்: முதலில் உயிர்ப் பாதுகாப்பு. தொய்ந்த இடத்துக்குக் கீழே புழங்காதீர்கள். டிரஸ்ஸின் இரு முனைகளுக்கும் இடையே நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, தேதியுடன் படமெடுத்து வையுங்கள். சில நாட்களிலேயே அளவு கூடினால், பொறியாளர் வரும்வரை காத்திராமல், உள்ளிருந்து முட்டுக்கொடுக்கப் பயிற்சியுள்ள ஆட்களை வரவழையுங்கள். பொறியாளரிடம் எழுத்துவடிவில் அறிக்கை வாங்கி, அதன் நகலுடன் செய்தவருக்கு விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். அவர் சரிசெய்ய மறுத்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். ரசீது இல்லாவிட்டாலும், வங்கிப் பரிமாற்றமும் கைப்பேசியில் பேசிக்கொண்ட செய்திகளும் சான்றாகும். அவற்றை இன்றே நகலெடுத்து வையுங்கள்.