தொட்டியில் பூண்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நவம்பரில் தொட்டியில் பூண்டு நட்டேன். தாள் முழ நீளத்துக்கு வளர்ந்தது. மார்ச்சில் பிடுங்கினால் சின்ன வெங்காயம் மாதிரி ஒரே உருண்டை, பல்லே பிரியவில்லை. உரம் போதவில்லையா?
– வாசகி, மதுரை

பதில்: உரம் இல்லை, குளிர்தான் போதவில்லை. பல் பிரிய வேண்டுமானால் விதைப்பூண்டோ இளஞ்செடியோ சில வாரங்கள் 10 டிகிரிக்குக் கீழே இருந்திருக்க வேண்டும். கொடைக்கானல் மேல்மலையில் அது தானாகக் கிடைக்கும். மதுரையில் மார்கழியிலும் கிடைக்காது.

அதனால் செப்டம்பரிலேயே முழுப் பூண்டை உடைக்காமல் காகிதப் பையில் போட்டு, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் 6 முதல் 8 வாரம் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், செத்துவிடும். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். நடும் அன்றுதான் பல் பிரிக்க வேண்டும், தோலை உரிக்காதீர்கள். வெளிச்சுற்றுப் பெரிய பற்களை மட்டும் நடுங்கள். உள்ளே இருக்கும் ஒல்லிப் பற்கள் ரசத்துக்கு.

செம்மண், மணல், மக்கிய எரு சம அளவு. ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. 12 அங்குலத் தொட்டிக்கு 6 பல் போதும். கூர்முனை மேலே பார்க்க, 2 அங்குல ஆழம். தலைகீழாக நட்டால் குருத்து வளைந்து, பூண்டு கோணலாகும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள். 60 நாளுக்குப் பிறகும் மீன் அமிலம் (மீன் கழிவும் வெல்லமும் ஊறவைத்த உரக் கரைசல்) ஊற்றிக்கொண்டிருந்தால் தாள்தான் கொழுக்கும்.

இத்தனை செய்தாலும் சமவெளியில் மலைப்பூண்டு அளவு வராது. அந்த ஒற்றைப் பல் உருண்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். நன்றாகக் காயவைத்து, இதேபோல் குளிரூட்டி அடுத்த பருவத்தில் நட்டால் பல் பிரிய வாய்ப்பு அதிகம்.

கேள்வி: இலையில் வெள்ளி நிறக் கோடுகள், நுனி சுருண்டு காய்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: இலைப்பேன். இலைக்கவட்டை விரித்துப் பாருங்கள், வெளிர்மஞ்சள் துணுக்குகளாக ஓடும். அந்தக் கவட்டில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

கேள்வி: எப்போது பிடுங்கலாம்?
– வாசகி, தாம்பரம்

பதில்: ஏறக்குறைய 120 நாளில் கீழ் இலைகள் பாதி மஞ்சளாகும். அதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து நிறுத்துங்கள். தாளைப் பிடித்து இழுக்காமல் கொத்தால் மண்ணைத் தளர்த்தி எடுங்கள். கழுவக் கூடாது. தாளோடு நிழலில் 10 நாள் காயட்டும்.