விட்டுப்போன வாசகங்களை எப்போது படிப்பது?

கேள்வி: ஆண்டின் தொடக்கத்தில் ஒரு முடிவெடுத்தேன். தினமும் அன்றைய திருப்பலி வாசகங்களையும், அன்றைய புனிதரின் வரலாற்றையும் படிக்க வேண்டும் என்று. ஒரு நோட்டில் தேதி எழுதி டிக் போட்டுக்கொண்டே வந்தேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் சில வாரங்கள் விட்டுப்போயிற்று. இப்போது விட்டதையெல்லாம் சேர்த்துப் படிக்க உட்கார்ந்தால் மலைப்பாக இருக்கிறது, மூடி வைத்துவிடுகிறேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? இன்னொன்று, புனிதரின் வரலாறு ஒன்று சொல்கிறது, வாசகம் வேறொன்று சொல்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமே தெரியவில்லை. ஏதாவது ஒன்றை விட்டுவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி,

முதலில் மனதை அழுத்துகிற விஷயத்தை இறக்கி வைத்துவிடுவோம். நீங்கள் செய்தது பாவம் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்களிலும் திருப்பலியில் பங்கேற்பதைத்தான் திருச்சபை நமக்குக் கட்டளையாகத் தந்திருக்கிறது. வாரநாள் வாசகங்களைத் தினமும் படிப்பது நீங்களாக விரும்பி ஏற்றுக்கொண்ட பக்தி முயற்சி. அது நின்றதும் ஒரு நோயாளியைக் கவனித்துக்கொண்ட நாள்களில்தானே! அந்த நாள்களில் நீங்கள் ஆண்டவரை விட்டுத் தள்ளியிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விட்டுப்போனவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டாம். இன்றைய நற்செய்தியிலிருந்து தொடங்குங்கள். சலுகையாக இதைச் சொல்லவில்லை, வாசகங்கள் அமைக்கப்பட்டிருக்கும் விதமே அப்படி. இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலக ஆயர்களின் பேரவை, விவிலியத்தின் செல்வங்களை மக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிடச் சொன்னது. அதன்படி 1969இல் புதிய வாசக அமைப்பு வந்தது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வரும். பொதுக்கால (திருவருகை, கிறிஸ்துமஸ், தவக்காலம், பாஸ்கா காலம் நீங்கலான வாரங்களின்) வாரநாள்களின் முதல் வாசகம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். வாரநாள் நற்செய்தியோ ஆண்டுதோறும் அதே வரிசையில் வருகிறது. நீங்கள் தவறவிட்ட நற்செய்திப் பகுதி அடுத்த ஆண்டு உங்களைத் தேடி வரும். அதுவரை, இன்று உலகெங்கும் நம் இலத்தீன் வழிபாட்டுமுறைப் பங்குகளில் எந்தப் பகுதி வாசிக்கப்படுகிறதோ அதிலேயே நீங்களும் இருங்கள். தனியாகப் பின்னால் நின்று பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பதில் அந்த ஒன்றிப்பு கிடைக்காது.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் கவனித்துப் படிக்கிறவர்களுக்குத்தான் இது தோன்றும். பொதுக்கால வாரநாள்களில் மாற்கு முதல் 9 வாரங்கள், மத்தேயு 10ஆம் வாரம் முதல் 21ஆம் வாரம் வரை, லூக்கா 22ஆம் வாரம் முதல் 34ஆம் வாரம் வரை என்று நற்செய்தி தொடர்ச்சியாக ஓடுகிறது. பெருவிழா, விழா என்றால் அந்த நாளுக்கென்று தனி வாசகங்கள் உண்டு. அவற்றைவிடக் கீழ்ப்படியில் உள்ள 'நினைவு' என்று நாள்காட்டியில் போட்டிருந்தால் பெரும்பாலும் அந்த ஓட்டத்தை நிறுத்துவதில்லை. அதனால்தான் புனிதர் ஒரு பக்கம், வாசகம் ஒரு பக்கம் என்று உங்களுக்குத் தெரிகிறது. சில நினைவு நாள்களுக்கு மட்டும் பொருத்தமான பகுதியை எடுத்துத் தந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 27, புனித மோனிக்காவின் நினைவுக்குத் தரப்பட்டிருக்கும் நற்செய்தியைப் பாருங்கள்: நயீன் ஊர்க் கைம்பெண்ணின் இறந்த மகனை இயேசு எழுப்பித் தாயிடம் ஒப்படைக்கும் பகுதி. மகனுக்காக ஆண்டுக்கணக்கில் அழுத தாயின் நாளில் அதை வாசித்துவிட்டு, மறுநாளே அந்த மகன் அகுஸ்தினாரின் நினைவைக் கொண்டாடுகிறோம். இதில் விளக்கம் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை.

மற்ற நாள்களில் என்ன செய்வது? வாசகத்துக்கும் புனிதருக்கும் வலிந்து முடிச்சுப் போட வேண்டாம். புனிதரின் வரலாற்றைப் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவரைப் பிடித்துக்கொண்ட இறைவசனம் எது?

வனத்து அந்தோனியாரை எடுத்துக்கொள்ளுங்கள், ஜனவரி 17. பெற்றோரை இழந்து, தங்கையோடு நின்ற இளைஞர். ஒருநாள் அவர் கோவிலுக்குள் நுழையும்போது, செல்வரான இளைஞரிடம் 'உமக்குள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடும்' என்று ஆண்டவர் சொல்லும் பகுதி வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. தமக்கென்றே அது வாசிக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டார். நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார், மற்றதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார், தங்கைக்காகக் கொஞ்சம் மட்டும் வைத்துக்கொண்டார். இன்னொரு நாள், நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம் என்ற வார்த்தை காதில் விழுந்தது. வைத்திருந்த அந்தக் கொஞ்சமும் போயிற்று. தங்கையை நம்பிக்கையான கன்னியரிடம் ஒப்படைத்துவிட்டுத் துறவறம் பூண்டார்.

அவர் இறந்தது 356இல். முப்பது ஆண்டுகள் கழித்து மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அகுஸ்தினார் அழுதுகொண்டிருக்கிறார். அந்தோனியாரைப் பற்றி வந்தவர் ஒருவர் சொல்ல அன்றுதான் கேட்டிருந்தார். 'எடுத்து வாசி' என்று குழந்தைக் குரல் ஒன்று கேட்டதும், அந்தோனியாருக்கு நடந்தது நினைவுக்கு வருகிறது. பவுலின் நூலை எடுத்துக் கண்ணில் பட்ட இடத்தை வாசிக்கிறார்: களியாட்டத்தை விட்டு ஆண்டவர் இயேசு கிறிஸ்துவை அணிந்துகொள்ளுங்கள் என்ற உரோமையர் 13:13-14. அதற்கு மேல் ஒரு வரிகூட வாசிக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. பக்கத்தில் அடையாளம் வைத்து மூடிவிட்டு, கூட இருந்த நண்பர் அலிப்பியுவிடம் சொல்கிறார். அலிப்பியு நூலை வாங்கி அடுத்த வரியைப் பார்க்கிறார். நம்பிக்கையில் வலுவற்றவரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அதில் இருக்கிறது. 'இது எனக்கு' என்கிறார் அவர். இருவரும் உள்ளே போய் மோனிக்காவிடம் சொல்கிறார்கள்.

ஒருவர் கேட்ட வசனம் அவருடைய வாழ்க்கையாகிறது. அந்த வாழ்க்கையைக் கேட்டவர் தமக்கான வசனத்தைத் தேடி எடுக்கிறார். பக்கத்தில் இருந்தவருக்கு அதற்கடுத்த வரி! சகோதரி, இரண்டில் ஒன்றை விடச் சொல்ல எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான்.

நேரம் இல்லாத நாளில் மட்டும் நற்செய்தியே போதும். அதையும் ஒருமுறை வேகமாகப் படித்து முடிக்காமல், இரண்டு முறை மெதுவாகப் படியுங்கள். உங்களை நிறுத்துகிற சொல்லில் நின்றுவிடுங்கள், அதைக் கொண்டே ஜெபியுங்கள். துறவற மடங்களில் பல நூற்றாண்டுகளாக இருக்கும் பழக்கம் இது. காலையா இரவா என்பதெல்லாம் உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. நோட்டு இருக்கட்டும், டிக் மட்டும் வேண்டாம். நின்ற அந்தச் சொல்லை எழுதி வையுங்கள். எழுத ஒன்றும் இல்லாத நாளில் பக்கம் காலியாக இருந்தால் என்ன?

புனிதர் வரலாற்று நூல்களைப் பொறுத்தவரை, அற்புதங்களை மட்டும் அடுக்கிக்கொண்டு போகிறவற்றை நான் கொடுக்க மாட்டேன். புனிதர்களே எழுதிய கடிதங்கள், மறையுரைகள் கிடைத்தால் அவற்றில் ஒரு பக்கம் போதும். தினமும் ஒரு புனிதர் என்ற கணக்கும் அவசியமில்லை. வாரத்துக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு அவரோடு பழகுங்கள். தவக்காலத்திலும் டிசம்பர் 17 முதல் 24 வரையிலும் வழிபாட்டிலேயே புனிதர்களின் நினைவுகள் பின்னுக்குப் போய்விடும். அந்த நாள்களில் வரலாற்று நூலை மூடிவிட்டு வாசகங்களோடு மட்டும் இருங்கள். மார்ச் 19, புனித சூசையப்பர் பெருவிழா போன்ற நாள்கள் இதற்கு விலக்கு. சூசையப்பர் நாளில் மத்தேயு முதல் அதிகாரத்தை எடுங்கள். அவர் பேசிய ஒரு சொல்கூட நற்செய்தியில் இல்லை, ஆனால் தூக்கத்திலிருந்து எழுந்ததும் சொன்னபடியே செய்தார் என்று இருக்கிறது.

மாமியார் குணமாகி வருகிறார் என்று நம்புகிறேன். அவர் படுத்திருக்கும் அறையிலேயே நற்செய்தியைச் சத்தமாக வாசிக்க முடியுமா என்று பாருங்கள்.