ஆறு சக்கர ரோபோவுக்கு ஆர்.டி.ஓ. வேண்டாமாம்!

கேள்வி: கீழக்கரையில் பலகாரக் கடையும் சின்ன பிரியாணிக் கடையும் வைத்திருக்கிறேன். வீட்டு டெலிவரிக்கு ஆள் நிற்பதில்லை. மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு விசா வந்ததும் போய்விடுகிறார்கள். துபாயில் இருக்கும் மருமகன், அங்கே ரோபோ வண்டி ஒன்று தானாக ஓடிவந்து சாப்பாடு கொடுப்பதை வீடியோ எடுத்து அனுப்பினான். அதுபற்றி விசாரித்தபோது ஒரு ஏஜென்ட் அறிமுகமானார். ஆறு சக்கர ரோபோ, விலை நாலரை லட்சம். “25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே, 250 வாட் மோட்டார். அதனால் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. நடைபாதையிலும் ஓடும், ரோட்டிலும் ஓடும். நகராட்சி என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம்” என்கிறார். அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், நோட்டீஸும் ஒப்பந்தமும் கொடுத்தார். 25 ஆயிரம் முன்பணத்தை ஜி-பேயில் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? மச்சானுடைய கல்யாண மஹாலிலும் பந்திக்குச் சாமான் கொண்டுபோக ஒன்று விடலாம் என்று யோசனை. அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

— வாசகர், கீழக்கரை

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள். காரணம் கீழே.

ஏஜென்ட் சொன்னது முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் பேட்டரி வண்டிக்கு ஒரு சலுகை இருக்கிறது. மோட்டாரின் அரைமணி நேரத் திறன் (அரைமணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி) 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. இந்த வரியை மட்டும் அச்சடித்து லேமினேட் செய்து கடைக்குக் கடை காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் உள்ள வரியைக் காட்டுவதில்லை. இந்த நிபந்தனைகளை 126-ஆம் விதியில் சொல்லியிருக்கும் சோதனை நிறுவனம் ஒன்று சோதித்து, ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த வரி. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, நம் ஓரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. இருக்கிறது. நோட்டீஸில் 250 வாட் என்று அச்சடித்திருப்பது சான்று ஆகாது. வண்டியின் வயிற்றில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஆகாது. ‘சர்டிபிகேட் டெல்லியில் பிராசஸில் இருக்கிறது’ என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சான்று இருந்தால் அந்த மாடலின் பெயர், எண்ணோடு இருக்கும். அதே கம்பெனியின் ஸ்கூட்டருக்கு வாங்கிய சான்றை நகல் எடுத்துக் கொடுப்பார்கள், பார்த்து வாங்குங்கள். பேட்டரி ஸ்கூட்டர் விற்பனையில் இந்த வித்தை நன்றாகப் பழகிய வித்தை. டிஎன் 65 நம்பர் போடாமல், பச்சைப் பலகையும் இல்லாமல் 40, 45-இல் பறக்கும் ‘25 கிலோமீட்டர்’ வண்டிகளை ராமநாதபுரம் பாரதி நகரில் கொஞ்ச நேரம் நின்றாலே பார்க்கலாம். விற்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயரைப் பிடுங்கிவிட்டுக் கொடுக்கிறார்கள். விபத்து நடந்த பிறகுதான் அது மோட்டார் வாகனம் என்பது வாங்கியவருக்குத் தெரிகிறது.

சான்று இல்லாவிட்டால் என்ன? 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, எந்திர சக்தியால் ஓடி, சாலையில் பயன்படத் தக்கதாகச் செய்யப்பட்ட எதுவும் மோட்டார் வாகனம். நான்கு சக்கரத்துக்குக் குறைவாக, 25 சி.சி.க்கு உட்பட்ட எஞ்சினோடு இருந்தால் விலக்கு உண்டு. உங்களுடையதற்கு ஆறு சக்கரம், அந்தப் பேச்சே இல்லை. அப்புறம் பதிவு வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும், லைசென்ஸ் உள்ள ஓட்டுநர் வேண்டும். ஓட்டுநரே இல்லாத வண்டிக்கு ஓட்டுநர் உரிமத்தை எங்கே போய் வாங்குவது? பாம்பன் சாலைப் பாலம் திறந்த அதே வருடம் எழுதிய சட்டம் இது. அப்போது ரோபோவை யாரும் நினைத்திருக்க முடியாது, அதைக் குறை சொல்லவில்லை. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது 2பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். புதுமைக் கண்டுபிடிப்புகளை ஊக்குவிக்க, சில வகை எந்திர வண்டிகளுக்கு மத்திய அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது அது. கதவை வைத்தார்கள், திறக்கத்தான் ஆளில்லை. தெருவில் ஓடும் டெலிவரி ரோபோவுக்கென்று தனி விதி இன்னும் எழுதப்படவில்லை.

ஜப்பானில் 2023 ஏப்ரல் முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 70, வேகம் 6 கிலோமீட்டர் என்று வரம்பு கட்டி, மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டு நடைபாதையில் விடலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா 2017-இலேயே அனுமதித்தது. அதே வருடக் கடைசியில் சான்பிரான்சிஸ்கோ நகரம், நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2021-இல் டொரன்டோ நடைபாதையில் விடவே கூடாது என்றது. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒன்றைச் சொன்னார்கள். இங்கே இரண்டையும் சொல்லாமல் வைத்திருப்பதால்தான் ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்.

இப்போது அந்த என்.ஓ.சி.க்கு வருவோம். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகச் சொன்ன தாளை எடுத்து, வலது மேல் மூலையைப் பாருங்கள். நகராட்சி ஆணையருக்கு முகவரியிட்ட மனு ஒன்றின் நகலாக அது இருக்கும். அதில் வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு ஊதா முத்திரை, நடுவில் தேதி, பக்கத்தில் ஒரு கிறுக்கல் கையெழுத்து இருக்கும். அது தபால் பிரிவில் ‘பெறப்பட்டது’ என்று குத்திக் கொடுக்கும் முத்திரை. யார் மனு கொடுத்தாலும் குத்துவார்கள். நிலவில் கடை வைக்க அனுமதி கேட்டுக் கொடுத்தாலும் குத்துவார்கள். மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. இந்த முத்திரையை அனுமதி என்று காட்டி வீட்டுமனை விற்றார்கள், இறால் பண்ணைக்குப் பங்கு சேர்த்தார்கள். இப்போது ரோபோ விற்கிறார்கள். உண்மையான அனுமதி என்றால் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), தேதி, நிபந்தனைகள், ஆணையரின் கையெழுத்து எல்லாம் உள்ள செயல்முறை ஆணையாக இருக்கும். அப்படியே ஒன்று இருந்தாலும் அதனால் பெரிய பயனில்லை. மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து ஒரு வண்டிக்கு விலக்கு கொடுக்க நகராட்சிக்கு அதிகாரம் கிடையாது.

அதிகாரிகளோடு எடுத்த போட்டோவும் அனுமதி ஆகாது. ‘பைலட் புராஜெக்ட்’ என்ற பேச்சும் ஆகாது.

நடைபாதையில் ஓடும் என்கிறாரே, உங்கள் தெருவில் நடைபாதை எங்கே இருக்கிறது? இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும். கீழக்கரையின் பல சந்துகளில் எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று வீட்டுப் படியில் ஏறி நிற்க வேண்டும். வாசல்படி, சாக்கடை மூடி, படுத்திருக்கும் ஆடு, மணல் குவியல், மதரஸா விட்டதும் ஓடிவரும் பிள்ளைகள். நடைபாதை இருக்கும் இடத்திலும் மோட்டார் வாகனம் அதில் ஏறக்கூடாது என்கின்றன 2017-ஆம் வருட ஓட்டுநர் ஒழுங்குமுறைகள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், இடையூறில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டது. மோட்டார் வாகனம் இல்லை என்று சான்றே வாங்கினாலும், பொதுவழியில் இடையூறு செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதம் கட்டிவிடலாம். பெரிய சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது.

வண்டி ஒரு வயதான அம்மாவை இடித்துத் தள்ளுகிறது, இடுப்பு எலும்பு முறிகிறது என்று வையுங்கள். அவர் மகன் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவார். வண்டிக்குப் பதிவெண் இல்லை, அதனால் பாலிசி இல்லை, அதனால் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. தீர்ப்புத் தொகை முழுவதும் உரிமையாளர் தலையில்தான் விழும். கம்ப்யூட்டர் ஓட்டியது, நான் கடையில் இருந்தேன் என்பது பதில் ஆகாது. ஏஜென்ட் கொடுத்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். ‘இயக்குபவர்’ என்று உங்களைக் குறிப்பிட்டு, சாலையில் ஏற்படும் எல்லா இழப்புக்கும் இயக்குபவரே பொறுப்பு என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இல்லாவிட்டால் ஆச்சரியப்படுவேன்.

இன்னொன்று, இதை எந்த ஏஜென்ட்டும் சொல்வதில்லை. அந்த வண்டியில் நாலு பக்கமும் கேமரா. வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து பார்சல் வாங்கும் தெருவில் அது படம் பிடித்துக்கொண்டே போகும், படம் எங்கே போய்ச் சேருகிறது என்று உங்களுக்கும் தெரியாது. ஜமாத்தில் பஞ்சாயத்து வந்தால் ஏஜென்ட் வந்து நிற்கமாட்டார்.

மருமகனின் வீடியோ எந்த இடத்தில் எடுத்தது என்று கேளுங்கள். 2023-இல் துபாய் சிலிக்கான் ஓயாசிஸில் தலபாத் என்ற உணவு டெலிவரி நிறுவனத்தின் ரோபோக்களை விட்டபோது, வில்லாக் குடியிருப்பு ஒன்றுக்குள்தான் விட்டார்கள். அங்குள்ள சாலைப் போக்குவரத்து ஆணையமே கூட நின்று தொடங்கிவைத்த ஏற்பாடு அது. அதைப் பார்த்துவிட்டு நடுத்தெருவுக்கு வாங்குவது வேறு கதை.

மச்சானின் மஹாலுக்கு, வளாகத்துக்குள் ஓடுவது என்ற இதே விஷயம்தான் சாதகமாக வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். தொழிற்சாலையிலோ வேறு சுற்றடைப்புள்ள வளாகத்திலோ மட்டும் பயன்படத் தக்கதாகச் செய்யப்பட்ட தனி வகை வண்டி, மோட்டார் வாகனம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினம் உருக்காலையின் மதிலுக்குள் மட்டும் ஓடிய வண்டிகளுக்கு மோட்டார் வாகன வரி கேட்கக்கூடாது என்றது. அப்படியானால் மஹாலுக்குள் விடலாமா என்றால், விடலாம். ஆனால் ‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சமையற்கட்டு ஒரு பக்கம், பந்தி நடக்கும் கூடம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் என்று பல மஹால்கள் இருக்கின்றன. உங்கள் மச்சானுடையதும் அப்படியென்றால், பிரியாணி தேக்சாவோடு அந்த இருபதடித் தெருவைத் தாண்டும்போது வண்டி சுற்றடைப்புக்குள் இல்லை. அந்த இருபதடியில் பதிவும் வேண்டும், காப்பீடும் வேண்டும். கேட் திறந்திருக்கிறது, நம் ஆட்கள்தானே வருகிறார்கள் என்பதும் செல்லாது. பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகும் இடம் பொது இடம். ஏர்வாடி தர்காவைச் சுற்றிய வழியோ ராமேஸ்வரத்தின் ரத வீதியோ பாம்பன் ஏலக்கூடத்தின் வாசலோ இந்த விலக்கில் வராது. மதிலுள்ள ஐஸ் பேக்டரியின் உட்புறம் வரும்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வண்டியை எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதோடு, எதற்காகச் செய்தார்கள் என்றும் பார்ப்பார்கள். 2001-இல் கேரள வழக்கொன்றில், தோண்டும் எந்திரமும் ரோடு ரோலரும் வளாகத்துக்குள் மட்டும் வேலை செய்தாலும் மோட்டார் வாகனம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஏஜென்ட்டின் நோட்டீஸில் ‘எந்தச் சாலையிலும் ஓடும்’ என்று எழுதி, நடுரோட்டில் வண்டி நிற்கும் படமும் போட்டிருக்கிறார் அல்லவா? நாளைக்கு அந்த நோட்டீஸே உங்களுக்கு எதிரான சாட்சி. மஹாலுக்கு வாங்குவதானால், உள்வளாகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று தயாரிப்பாளர் எழுதித் தரும் வண்டியை வாங்குங்கள். பில்லிலும் அந்த வரி இருக்கட்டும்.

டெலிவரிக்கு ஆள் இல்லை என்பது உங்கள் உண்மையான பிரச்சினை, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. மூன்று சக்கர இ-கார்ட் ஒன்று பாருங்கள். 310 கிலோ வரை ஏற்றலாம், 25 கிலோமீட்டர் வேகம், பதிவு உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, ஓட்ட ஒருவர் போதும். மூன்று பையன்கள் பைக்கில் போகிற பார்சலை ஒரே நடையில் இறக்கிவிடலாம். உப்புக்காற்றில் அதுவும் துருப்பிடிக்கும். ஆனால் ரிப்பேர் செய்ய ஊரிலேயே மெக்கானிக் இருக்கிறார், ரோபோவின் சென்சார் போனால் யாரைத் தேடுவீர்கள்?

25 ஆயிரத்துக்கு வருவோம். முதலில் போனில் சண்டை போடாதீர்கள். மாடல் பெயரோடு சோதனை நிறுவனச் சான்று, 2பி பிரிவில் விலக்கு இருந்தால் அரசிதழ் அறிவிப்பு, செயல்முறை ஆணையின் நகல் ஆகியவற்றை 15 நாளுக்குள் தராவிட்டால் முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்று ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். கூடவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு போடுங்கள். மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. அதற்கும் ஒரு மாதம் இழுப்பார்கள், பழகிக்கொள்ளுங்கள்.

பணம் வரவில்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. ‘வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல’ என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கிளப்பும். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலுக்கு வாங்கியதென்றால் அந்த வாதம் நிற்காது. கடையில் நீங்களே உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். ஜி-பே ரசீதையும் அந்த ஊதா முத்திரைத் தாளையும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.