பாம்பன் பக்கம் கடலுக்குப் போகிற என் தம்பி, ‘ஹெலிகாப்டர் என்னைத்தான் நோட்டம் பார்க்குது’ என்கிறான். எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் நம்ப மறுக்கிறானே, ஏன்?

முதலில் உங்கள் கடற்கரையை மனதில் வையுங்கள். அங்கே கண்காணிப்பு கற்பனை இல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. கடலோரக் காவல்படை ரோந்து வருகிறது. எல்லைப் பக்கம் போன விசைப்படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போவதும் எல்லாருக்கும் தெரியும். ‘அப்படி யாரும் பார்க்கிறதில்லை’ என்று நீங்கள் சொன்னால், நீங்கள்தான் மறைக்கிறீர்கள் என்று தம்பிக்குத் தோன்றும். நோயை வேறு இடத்தில் பார்க்க வேண்டும்: ‘எனக்காக மட்டுமே வருது’ என்ற உறுதி, அந்த முடிவுக்கு வந்த வேகம், அதன்பின் எதற்கும் அசையாத பிடி.

வேகத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹக், கேரட்டி, ஹெம்ஸ்லி மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு ஜாடிகள். ஒன்றில் 85 பாசிமணி ஒரு நிறம், 15 மணி வேறு நிறம். இன்னொன்றில் அப்படியே தலைகீழ். எந்த ஜாடி என்று சொல்லாமல் ஒவ்வொரு மணியாகக் காட்டுவார்கள். போதும் என்று தோன்றும்போது ஜாடியைச் சொல்லலாம். டெலூஷன் (எந்த ஆதாரத்துக்கும் அசையாத தவறான நம்பிக்கை) உள்ளவர்களில் பலர் ஒன்றிரண்டு மணியிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரே நிறத்தில் இரண்டு மணி வந்தால் அந்த ஊகம் சரியாக இருக்க 97 சதவீத வாய்ப்பு உண்டு. ஆக, கணக்குத் தெரியாமல் சொல்லவில்லை. மணிகளை 60க்கு 40 என்று கலந்தால் அதே இரண்டு மணிக்கு 69 சதவீதம்தான். அப்போதும் இவர்கள் மற்றவர்களுக்கு முந்தியே முடிவு சொல்லிவிடுகிறார்கள். தகவல் சேர்ப்பதைச் சீக்கிரம் நிறுத்திவிடுவதுதான் குறை. தம்பியை அறிவில்லாதவன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். நோயில்லாதவர்களிலும் சிலர் இப்படி அவசரப்படுவார்கள் என்பதால், அவசரம் மட்டும் நோயை உண்டாக்காது.

கூடச் சேர்வது டோபமின் என்ற மூளை ரசாயனம். சைக்கோசிஸில் (நிஜத்தைப் பிரித்தறிய முடியாமல் போகும் மனநோய் நிலையில்) அது தாறுமாறாகச் சுரந்து, ஹெலிகாப்டர் சத்தம், யாரோ திரும்பிப் பார்த்தது போன்ற சாதாரண விஷயங்களுக்கெல்லாம் ‘இதில் உனக்கு ஏதோ இருக்கு’ என்ற அழுத்தத்தைக் கொடுக்கிறது என்று மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003இல் விளக்கினார். அந்த அழுத்தத்துக்கு மனம் காரணம் தேடும். கிடைத்த முதல் காரணத்திலேயே நின்றுவிடும். கடலில் ராத்தூக்கம் கெடுவதும் கஞ்சாவும் சந்தேகத்தை இன்னும் கூட்டும்.

மூன்றாவது, எதிர் ஆதாரம் உள்ளே இறங்காதது. கடலுக்குப் போக டோக்கன் வாங்கும் இடத்தில் ஒருவர் தம்பியைப் பார்த்தபடி போன் பேசுகிறார். உளவாளி என்று தோன்றுகிறது. அவர் ஐஸ் வியாபாரி, லோடு பற்றித்தான் பேசினார் என்று பிறகு தெரிந்தால் நமக்குச் சந்தேகம் தளரும். தம்பிக்கோ ‘ஐஸ் வியாபாரி வேஷத்துல வந்திருக்கான்’ என்று ஆகும். நீங்கள் காட்டும் ஆதாரத்துக்கும் இதே கதிதான். சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசினால், அத்தனை பேரும் சதியில் சேர்ந்துவிடுவார்கள்.

அதனால் வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். பயத்தில் தொடங்குங்கள்: ‘சத்தம் கேட்டதும் ரொம்பப் பயந்துட்டியாடா? ராத்திரி தூங்கினியா?’ அமைதியாக இருக்கும் நேரத்தில், ஒரே ஒருவர், பத்து நிமிடம் பேசினால் போதும். பெரிய நம்பிக்கையை விட்டுவிட்டு, அன்றைக்கு நடந்த சின்ன விஷயம் ஒன்றை எடுங்கள். ‘நூத்துக்கு எவ்வளவு உறுதியா இருக்கே? வேற என்னவா இருக்கலாம்?’ என்று கேளுங்கள். 100இல் இருந்தவர் 90 என்றால் அதுவே பெரிய நகர்வு, அங்கேயே நிறுத்துங்கள். மோரிட்ஸ், உட்வர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் உருவாக்கிய மெட்டாகாக்னிட்டிவ் பயிற்சியும் இந்த வழியில்தான் போகிறது: நோயாளியின் சொந்த நம்பிக்கையைத் தொடாமல், பொதுவான படங்களையும் கதைகளையும் வைத்து, அவசர முடிவு எப்படித் தவறாகிறது என்று பழக்கிக் காட்டுவது. அது மருந்தோடு சேர்த்துத்தான்.

டோபமின் கொடுக்கும் அந்த அழுத்தத்தை மருந்து தணிக்கும். புதுப்புது அறிகுறிகள் தோன்றுவது முதலில் குறையும். பழைய நம்பிக்கை தளர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். ‘இன்னும் அதையேதான் சொல்றான்’ என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். குழம்பில் மாத்திரையைக் கலக்கவே கூடாது. கண்டுபிடித்துவிட்டால் ‘விஷம் வைக்கிறாங்க’ என்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்ததாகிவிடும், அதன்பின் சோறும் இறங்காது.

ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்வார்கள். துஆவைத் தடுக்க வேண்டாம், மாத்திரை நிற்காமல் இருந்தால் போதும். ஆனால் கட்டிவைக்க விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது தடை.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள். போனில் ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. தம்பி ஒரு குறிப்பிட்ட ஆளைப் பெயர் சொல்லி எதிரி என்றாலோ, கத்தியைப் பக்கத்தில் வைத்துப் படுத்தாலோ, சாப்பாட்டையே ஒதுக்கினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே 108ஐ அழையுங்கள்.